கல்லிலே பொறித்த சிலுவையும் எமது சேமக்காலையும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், சபையின் ஆண்டு விழா நெருங்கிய வேளையில், எமது சேமக்காலையிலே ஒரு சிரமதானம் செய்தோம். வாலிபர் பற்றை வெட்டினர். பெண்கள் சருகைக் கூட்டினர். மூலையிலே பழைய கல்லறைக் கல்லொன்று கறுத்துப் பாசி படர்ந்து கிடந்தது. மேற்பகுதியிலே ஒரு சிலுவையும் அதன் கீழ் சில வரிகளும் இருந்தன. அதையும் துப்புரவாக்க வேண்டுமென்று கம்பித் தூரிகையால் உரஞ்சித் தேய்த்தோம். அப்படியும் கறுப்புப் போகாதபடியால் மலசலகூடம் கழுவும் அசிட்டை ஊற்றினோம். கல் பொங்கி நுரைத்தது. அழுக்குக் கழன்று போகிறது என்று எண்ணி மகிழ்ந்தோம். விழாவுக்கு வந்த எல்லோரும் அந்த வெள்ளைக் கல்லைப் பார்த்துப் பாராட்டினார்கள்.

இரண்டு மாரி கழிந்தது. கல்லின் மேற்பரப்பு மாப்போல உதிரத் தொடங்கியது. இன்று அந்தக் கல்லிலே பெயரின் முதலெழுத்துகள் இல்லை. ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் இல்லை. அன்று நுரைத்தது அழுக்கன்று, கல்லேதான் என்பதைப் பின்னர்தான் அறிந்துகொண்டோம். நல்ல மனதோடு செய்த வேலையாலும் ஒரு கல் அழியலாம் என்ற இந்தப் பாடம், பழைய கற்களைப் பற்றி அறிந்தவர்களைத் தேடவும் நூல்களைப் புரட்டவும் எம்மைத் தூண்டியது. அப்படி அறிந்தவற்றை ஏனைய சபைகளும் பயன்பெறும்படி இங்கே தருகின்றோம்.

அநுராதபுரத்துச் சிலுவை

இலங்கையிலே கிறிஸ்தவம் போர்த்துக்கேயரோடு வந்தது என்றே எம்மிற் பலர் நினைக்கின்றோம். போர்த்துக்கேயர் 1505இல் இத்தீவுக்கு வந்தனர். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினர். ஆனால் அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இங்கு கிறிஸ்தவர்கள் வாழ்ந்தனர் என்பதற்கு ஒரு கல் சாட்சியாக இருக்கின்றது.

1912ஆம் ஆண்டு அநுராதபுரத்திலே தொல்லியல் திணைக்களத்தார் நடத்திய அகழ்வில் உடைந்த கருங்கற்றூண் ஒன்று கிடைத்தது. அதன் வழவழப்பான ஒரு முகத்தைக் குடைந்து, உள்ளே ஒரு சிலுவையைச் செதுக்கியிருந்தனர். சிலுவையின் கைகள் நுனியை நோக்கி விரிந்து செல்லும். அடியிலே படிகள் கொண்ட பீடம் உண்டு. பீடத்திலிருந்து இரு பக்கமும் இலைகள் தளிர்த்து மேலெழும். அறையப்பட்ட இயேசுவின் உருவம் அதில் இல்லை. மரணத்தின் மரம் தளிர்த்து உயிரின் மரமாகிறது என்பதே இவ்வடிவத்தின் பொருளென்று கொள்வர்.

அப்போது தொல்லியல் ஆணையாளராக இருந்த எட்வர்ட் அயர்ற்றன் இதைப் போர்த்துக்கேயர் காலத்துச் சிலுவை என்றே கருதினார். அவருக்குப் பின் வந்த ஆணையாளர் ஹோகார்ட் 1924இல் எழுதியபோதும் அதே முடிவையே சொன்னார். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. போர்த்துக்கேயருக்கு முன் இங்கே கிறிஸ்தவர் இருந்திருக்கலாம் என்ற எண்ணமே அக்காலத்தில் அரிதாக இருந்தது. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சியது. சோழர் படையெடுப்போடு, பத்தாம் நூற்றாண்டின் முடிவில், அநுராதபுரம் தலைநகர் என்ற நிலையை இழந்தது. பிற்காலத்திற் காடு மண்டிப்போன அந்த நகரத்தில், ஒரு தூணிலே இவ்வளவு நுட்பமான சிலுவையைச் செதுக்கப் போர்த்துக்கேயருக்கு என்ன தேவை இருந்தது?

விடை ஒரு பழைய நூலிலே இருந்தது. கொஸ்மாஸ் என்னும் அலெக்சாந்திரிய வணிகர், பின்னர் துறவியானவர், கி.பி. 550 அளவில் கிரேக்க மொழியில் ஒரு நூல் எழுதினார். இந்தத் தீவிலே பாரசீகத்திலிருந்து வந்து குடியேறிய கிறிஸ்தவர்களின் சபையொன்று உண்டென்றும், அதற்குப் பாரசீகத்திலேயே அபிஷேகம் பெற்ற குருவும் உதவிக்குருவும் இருந்தனரென்றும், ஊரவரும் அரசரும் வேறு சமயத்தவர் என்றும் அதில் அவர் குறிப்பிட்டுள்ளார். அநுராதபுரச் சிலுவையின் வடிவமும் தென்னிந்தியாவிலும் மேற்காசியாவிலும் உள்ள பாரசீகச் சபையாரின் சிலுவைகளின் வடிவமும் ஒத்துப்போகின்றன. ஆகவே அதனைப் பாரசீகக் கிறிஸ்தவர்களின் சிலுவையென்றும், பெரும்பாலும் ஐந்தாம் அல்லது ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்ததென்றும் அறிஞர் இன்று கொள்கின்றனர். கல் அநுராதபுரத் தொல்லியல் அரும்பொருட்சாலையிலே உள்ளது.

எமக்கு இன்னும் அண்மையிலே ஒரு சான்று உண்டு. மன்னாருக்கு அருகே, திருக்கேதீச்சரம் அமைந்துள்ள மாந்தையில், 1980களின் தொடக்கத்தில் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அகழ்வு நடந்தது. அங்கே சிலுவை முத்திரை பதித்த களிமண் துண்டொன்று கிடைத்தது. வணிகப் பொதிகளை முத்திரையிட அக்காலத்தில் இத்தகைய களிமண்ணையே பயன்படுத்தினர். பழைய மாதோட்டத் துறைமுகத்திற்கு வந்த மரக்கலங்களோடு சிலுவையும் வந்து போனது என்பதற்கு அச்சிறு மண் துண்டு சாட்சி.

இதிலே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. 1912இல் கல்லைக் கண்டெடுத்தவர்களுக்கு அதன் உண்மையான வயது தெரியவில்லை. ஆனாலும் அதைத் தேய்க்கவில்லை, பூசவில்லை, வேறு கட்டடத்திற்கு அத்திவாரக் கல்லாக்கவும் இல்லை. எங்கே கிடைத்தது என்று குறித்து, கிடைத்தபடியே வைத்தார்கள். அதனாலேயே பின்வந்தவர்கள் பிழையைத் திருத்த முடிந்தது.

பரங்கிமலையும் கோட்டயமும்

சென்னைக்குப் போய் வந்தவர்களிற் பலர் பரங்கிமலைக் கோயிலைத் தரிசித்திருப்பீர்கள். 1547இல் போர்த்துக்கேயர் அங்கே பழைய இடிபாடுகளைத் தோண்டியபோது ஒரு கற்சிலுவை வெளிப்பட்டது. இன்று அது பீடத்தின் பின்சுவரிலே பதிக்கப்பட்டுள்ளது. சிலுவையின் மேலே புறா இறங்குகின்றது. இரு பக்கமும் தூண்கள். தூண்களின் மேல் மகரங்கள். அவற்றின் வாயிலிருந்து வளைவு எழுகின்றது. மகரமும் தாமரையும் எமது சிற்பிகளின் கைவண்ணம். சுற்றிலும் உள்ள எழுத்தோ பாரசீகரின் பஹ்லவி எழுத்து. அந்நிய நாட்டு விசுவாசமும் இந்நாட்டுச் சிற்பமும் ஒரே கல்லிற் கைகோத்துள்ளன.

பல நூற்றாண்டுகளாக அந்த எழுத்தை ஒருவராலும் சரிவர வாசிக்க முடியவில்லை. 1873இல் பேர்ணல் என்பவர் இவ்வெழுத்துப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் வேறு வேறு விதமாக வாசித்தனர். இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. இதே வகைச் சிலுவைகள் கேரளத்திலே கோட்டயம் வலியபள்ளியிலும், கடமற்றத்திலும், முட்டுச்சிறையிலும் பாதுகாக்கப்படுகின்றன. ஒன்றிலே தேய்ந்துபோன எழுத்தை மற்றொன்றைப் பார்த்து நிரப்பிக்கொள்ள முடிகின்றது. இவற்றில் ஒன்றையாவது அடியார்கள் "எழுத்து விளங்கவில்லை" என்று கொத்திவிட்டுப் புதிதாகப் பொறித்திருந்தால், எல்லாவற்றையும் வாசிக்கும் முயற்சியே தடைப்பட்டிருக்கும்.

ஒரு கிராமப் போதகரின் முயற்சி

இப்படியான பணிக்குப் பெரிய அறிஞரும் அரசாங்கமும் தேவை, எம்மைப் போன்ற சிறு சபைகளால் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். ஸ்கொத்லாந்திலே ரத்வெல் என்றொரு சிற்றூர் இருக்கின்றது. அவ்வூர்க் கோயிலிலே எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த, 5 மீற்றருக்கு மேல் உயரமான ஒரு கற்சிலுவை உண்டு. 1640களிலே, உருவங்கள் செதுக்கிய சிலுவை விக்கிரக ஆராதனைக்கு இடமாகும் என்று கூறி, திருச்சபையின் கட்டளைப்படியே அதை உடைத்துத் தள்ளினார்கள். துண்டுகள் கோயிலுக்குள்ளும் வளவிலும் கிடந்தன.

ஹென்றி டங்கன் அவ்வூரின் போதகராக வந்தார். ஏழைத் தொழிலாளர் தங்கள் சில்லறையைச் சேமிப்பதற்காக 1810இல் அங்கே சேமிப்பு வங்கியொன்றைத் தொடங்கியவர் அவர். பின்னாளில் பல நாடுகளிலும் பரவிய சேமிப்பு வங்கி இயக்கத்திற்கு அச்சிறு முயற்சி முன்மாதிரியாயிற்று. அதே போதகர்தான் சிதறிக் கிடந்த கற்றுண்டுகளையும் தேடிச் சேர்த்து, 1823இல் தமது இல்லத் தோட்டத்திலே சிலுவையை நிமிர்த்தி வைத்தார். அதிலே பழைய ரூன் எழுத்துகள் இருந்தன. அவற்றின் பொருள் அவருக்குத் தெரியாது. ஆயினும் உள்ளபடியே வரைந்து வெளியிட்டார். 1840இல் ஜோன் கெம்பிள் என்ற அறிஞர் அவை பழைய ஆங்கில மொழியில் அமைந்த ஒரு கவிதையின் வரிகள் என்று காட்டினார். சிலுவை மரமே வாய்திறந்து தன் கதையைச் சொல்லும் கவிதை அது. 1887இல் மழையிலும் பனியிலும் கல் கெடாதபடி அதைக் கோயிலுக்குள் கொண்டுவந்தனர்.

டங்கன் ஒரு பிழையும் விட்டார். சிலுவையின் குறுக்குக்கை கிடைக்காதபடியால், ஊர்ச் சிற்பியைக் கொண்டு புதிதாக ஒன்று செய்வித்துப் பொருத்தினார். அதிலுள்ள உருவங்கள் பழையவையல்ல, கற்பனை. இன்று அதைப் பார்ப்பவருக்கு, எது எட்டாம் நூற்றாண்டு, எது பத்தொன்பதாம் நூற்றாண்டு என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கின்றது. இருப்பதைக் காப்பதே எமது வேலை, இல்லாததை இட்டு நிரப்புவது அன்று என்பதற்கு இது நல்ல உதாரணம்.

உடுப்பிட்டிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

உடுப்பிட்டியிலே ஆறாம் நூற்றாண்டுச் சிலுவை இல்லை. ஆனால் இவ்வூரின் கிறிஸ்தவ வரலாறு நேற்று வந்ததும் அல்ல. ஒல்லாந்தப் போதகர் பால்தேயு 1672இல் வெளியிட்ட நூலில், வடமராட்சியின் கோயிற்பற்றுகளாகப் பருத்தித்துறை, கட்டைவேலி ஆகியவற்றோடு உடுப்பிட்டியையும் குறிப்பிடுகின்றார். 1816இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்திலே பணியைத் தொடங்கினர். அந்நூற்றாண்டிலேயே உடுப்பிட்டி அவர்களின் முக்கிய நிலையங்களில் ஒன்றாயிற்று. பெண்பிள்ளைகளைப் படிப்பிப்பது வீண் என்று பலர் நினைத்த காலத்தில், 1868இல், இங்கு பெண்கள் பாடசாலை எழுந்தது. அக்காலத்தில் உழைத்தவர்களும் அவர்களிடம் படித்தவர்களும் எமது மண்ணிலேயே உறங்குகின்றனர். அவர்களைப் பற்றி எஞ்சியிருப்பது பல வேளைகளில் ஒரு கல் மாத்திரமே.

ஏன் கல் மாத்திரம் என்கின்றோம்? 1987ஆம் ஆண்டு வடமராட்சி இராணுவ நடவடிக்கையின் போதும் அதன் பின் வந்த இடப்பெயர்வுகளின் போதும் வீடுகளிலும் கோயில்களிலும் இருந்த எத்தனையோ ஏடுகள் அழிந்தன. ஞானஸ்நானப் பதிவு, விவாகப் பதிவு, குடும்ப வேதாகமத்தின் முதற்பக்கத்திலே பாட்டனார் எழுதி வைத்த பிறந்த தேதிகள் எல்லாம் அவற்றுள் அடங்கும். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள், "எங்கள் பூட்டியின் கல்லறை எது?" என்று கேட்டுக்கொண்டு சேமக்காலைக்குள் நடக்கும்போது, அவர்களுக்குக் காட்ட எம்மிடம் உள்ள பதிவேடு அந்தக் கற்களே.

சட்டத்தையும் சற்று அறிந்திருப்பது நல்லது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் தேதிக்கு முற்பட்ட பொருட்களையே பொதுவாகத் தொல்பொருள் என்று கொள்கின்றது. அது கண்டி இராச்சியம் பிரித்தானியர் கையில் வீழ்ந்த நாள். மிசனரிமார் வந்ததோ 1816இல். ஆக, மிசன் காலத்துக் கற்கள் யாவும் அந்த எல்லைக் கோட்டுக்கு ஓராண்டு பிந்தியே தொடங்குகின்றன. பிற்காலத்துச் சின்னங்களைத் தனியாகப் பிரகடனம் செய்து பாதுகாக்கச் சட்டத்தில் வழியுண்டு. ஆனால் அதற்கு யாராவது கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் கல் இருக்க வேண்டும். அதுவரைக்கும் காவல் சபையாராகிய எமது கையிலேயே உள்ளது.

எமது கல் எப்படிக் கெடுகின்றது?

அநுராதபுரச் சிலுவை கருங்கல். கருங்கல் எமது குடாநாட்டிலே இயற்கையாகக் கிடையாது. எமது மண்ணின் கீழுள்ளது சுண்ணக்கல், கரையோரத்திலே முருகைக்கல். இவை செதுக்குவதற்கு இலகுவானவை, கெடுவதற்கும் இலகுவானவை. அசிட் பட்டவுடன் சுண்ணக்கல் கரைந்து வாயுவாகப் பொங்கும். எமது சிரமதானத்திலே நாம் கண்ட நுரை அதுதான். தேசிப்புளியும் பழப்புளியும் கூட இதையே மெதுவாகச் செய்யும்.

இரண்டாவது எதிரி உப்பு. வல்வெட்டித்துறைக் கடல் எமக்கு வடக்கே சில கிலோமீற்றர் தூரத்திலேயே உள்ளது. காற்றிலும் நிலத்து நீரிலும் உப்பு உண்டு. மாரியிலே கல் ஈரத்தை உறிஞ்சும். வெயிலிலே ஈரம் வெளியேறும். உப்பு மாத்திரம் கல்லின் தோலுக்கு அடியிலே தங்கிப் பளிங்காகப் பருக்கும். பருக்கும்போது மேற்பரப்பைச் செதில் செதிலாகத் தள்ளும். மணற்காட்டிலே மணலுக்குள் நிற்கும் பழைய அந்தோனியார் கோயிலின் சிதைந்த சுவர்களைப் பார்த்தவர்களுக்கு, கடற்காற்று கல்லை எப்படி அரிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது எதிரி, நாம் நண்பனென்று நினைக்கும் சீமெந்து. பழைய கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் ஈரத்தை உள்ளே எடுத்து வெளியே விடக்கூடியவை. சீமெந்தோ ஈரத்தை எளிதில் விடாது. வெடிப்பைச் சீமெந்தால் அடைத்தால் ஈரம் வேறு வழி தேடிக் கல்லின் ஊடாகவே வெளியேறும். உப்பும் அங்கேயே சேரும். சீமெந்து கல்லிலும் வலியது. ஆகையால் வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும்போது உடைவது சீமெந்தல்ல, பக்கத்திலுள்ள பழைய கல். எனாமல் பெயின்றும் இதே தீங்கைச் செய்யும். கல்லை இறுக்கப் பூட்டும் இரும்புப் பட்டமும் கறள் பிடித்து வீங்கி அதைப் பிளக்கும்.

சபைகள் செய்யக்கூடியவை

1. முதலிற் பதிவு செய்யுங்கள். சேமக்காலையின் படமொன்றைக் கீறி, ஒவ்வொரு கல்லுக்கும் இலக்கமிடுங்கள். நீளம், அகலம், தடிப்பை அளந்து கொப்பியில் எழுதுங்கள். எழுத்தை உள்ளபடியே, பிழையிருந்தாலும் திருத்தாமல், வரிக்கு வரி பிரதி செய்யுங்கள். விளங்காத எழுத்தை ஊகித்து நிரப்ப வேண்டாம், புள்ளியிட்டு விடுங்கள்.

2. தேய்ந்த எழுத்தை வாசிக்கச் சோக்குத் தூளோ மாவோ பூச வேண்டாம். காலை வெயில் அல்லது மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது பாருங்கள். அல்லது இருட்டியபின் ரோச் லைற்றைக் கல்லின் ஓரத்திலே சரித்துப் பிடியுங்கள். பகலில் மறைந்திருக்கும் எழுத்து நிழலாக எழுந்து வரும். அப்போதே படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அடிமட்டத்தையும் வையுங்கள்.

3. துப்புரவு செய்ய நல்ல தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். மேற்பரப்பு மாவாக உதிரும் கல்லைத் தண்ணீராலும் தொட வேண்டாம். கம்பித் தூரிகை, அசிட், புளி, பிளீச்சிங் பவுடர், சவர்க்காரத் தூள் எதுவும் கூடாது. சிறிதளவு பாசி இருந்தால் இருக்கட்டும். அது கல்லுக்கு அவமானம் அல்ல.

4. சிலுவையிலும் எழுத்திலும் எண்ணெய் பூசுதல், பெயின்ற் அடித்தல், வெள்ளையடித்தல் ஆகியவற்றைத் தவிருங்கள். மெழுகுதிரியைக் கல்லின் மேல் ஒட்டாமல், முன்னால் நிலத்திலே ஏற்றுங்கள். சருகைக் கல்லறைகளின் அருகே குவித்து எரிக்க வேண்டாம். சூட்டிலே சுண்ணக்கல் வெடிக்கும்.

5. கல்லுக்குள் வேர்விட்ட மரத்தைப் பிடுங்கினால் கல்லும் கூடவே வரும். அடியோடு அறுத்துவிட்டு வேரைத் தானாக வாட விடுங்கள். சரிந்த கல்லைக் கொங்கிறீற்றிலே நட்டு நிமிர்த்த வேண்டாம். திருத்தம் அவசியமானால், சுண்ணாம்புச் சாந்து வேலை தெரிந்த மேசனைத் தேடுங்கள். அந்தக் கைப்பழக்கம் உள்ள முதியவர்கள் இருக்கும்போதே, எமது இளைஞர் சிலர் அதைக் கற்றுக்கொள்வது ஒரு தொழிலும் ஆகும்.

6. புதுக் கோயில் கட்டும்போதும் பழைய சுவரை இடிக்கும்போதும் எழுத்தோ உருவமோ உள்ள கல் வெளிப்பட்டால் வேலையை நிறுத்துங்கள். கல்லை எடுக்குமுன் கிடந்தபடியே படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கிராம அலுவலருக்கும் தொல்லியல் திணைக்களத்துக்கும் அறிவியுங்கள். கிடைத்த இடம் தெரியாத கல் பாதிக் கதையையே சொல்லும்.

7. வெளிநாட்டு உறவினர் பழைய கல்லை அகற்றிப் பளபளப்பான புதுக் கல் வைக்க விரும்பினால், மறுக்க வேண்டாம். புதியதைப் பக்கத்திலே வைத்துப் பழையதையும் இருக்க விடுங்கள் என்று அன்பாக எடுத்துச் சொல்லுங்கள்.

இவற்றுள் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. ஒரு கொப்பி, ஒரு அளவுநாடா, ஒரு கைத்தொலைபேசி, ஞாயிறு ஆராதனைக்குப் பின் இரண்டு மணி நேரம், இவை போதும். ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளையும் வாலிபரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லிலே உள்ள பெயரை வாசித்து, "இவர் யார்?" என்று வீட்டிலே போய்க் கேட்கும் பிள்ளை, அன்றே அந்தக் கல்லுக்குக் காவலாளி ஆகின்றது.

இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்தபோது, ஆற்றிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டும்படி யோசுவா சொன்னதை நாம் அறிவோம். பின்னொரு நாளில் பிள்ளைகள் அந்தக் கற்களைப் பற்றிக் கேட்பார்கள், அப்போது பெற்றோர் சொல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கம். எமது சேமக்காலையின் மூலையிலே கிடக்கும் அந்தக் கல்லைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால், பெயரை நாமே அழித்துவிட்டோம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கின்றது. அதை மறைக்காமல் சொல்கின்றோம். மிகுதிக் கற்களுக்கு இலக்கமிட்டு எழுதத் தொடங்கியிருக்கின்றோம். உங்கள் சபையிலும் அடுத்த சிரமதானத்திற்குக் கத்தியும் மண்வெட்டியும் எடுத்துச் செல்லும்போது, ஒரு கொப்பியையும் பென்சிலையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்; கம்பித் தூரிகையை வீட்டிலே விட்டுச் செல்லுங்கள்.